ட்விஸ்ட்: கருவிலிருந்து கட்டிக்குள்

பழ ஈயின் முட்டை அரை மில்லிமீட்டர் நீளம்தான். கருவுற்று மூன்று மணி நேரம் ஆனதும் அதன் வயிற்றுப் பக்கம் நெடுக ஒரு பள்ளம் விழும். அங்கே வரிசையாக ஒட்டி நின்ற செல்கள் கால் மணி நேரத்துக்குள் உள்ளே மடிந்து இறங்கும். பிறகு பக்கத்துச் செல்லின் பிடியை விட்டுவிட்டு ஆளுக்கொரு திசையில் நகரும். நாளைக்குத் தசையாகப் போகிறவை அவைதான். அவற்றை உள்ளே அனுப்பும் புரதங்களில் முக்கியமானது ட்விஸ்ட். டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து, எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கிற படியெடுப்புக் காரணி அது.

1970களின் இறுதியில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் ஆயிரக்கணக்கான ஈ வம்சங்களில் மரபணுக்களைச் சிதைத்து, பொரிக்காமலே செத்த கருக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பார்க்கும்படியான நுண்ணோக்கி. எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒரே கருவைப் பார்த்து விவாதிப்பார்கள். அந்தத் தேடலில் அகப்பட்டவற்றில் ஒன்று, பள்ளம் விழாமல் முட்டைக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு கிடந்த கரு. ட்விஸ்ட் என்ற பெயர் அப்படி வந்தது. 1995இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1995இல், ட்விஸ்ட் மரபணு நீக்கப்பட்ட எலிக் கருக்கள் தலைப்பகுதி நரம்புக் குழாய் மூடாமல் பாதிக் கர்ப்பத்திலேயே இறப்பது தெரியவந்தது. மனிதரில் இந்த மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலே போதும், குழந்தையின் மண்டையோட்டு இணைப்புகள் காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ளும். உடலைக் கட்டுவதற்கு அவ்வளவு வேண்டியது அது. கட்டி முடித்ததும் பெரும்பாலான திசுக்களில் அடங்கிவிடும்.

அடங்கியது புற்றுநோயில் மறுபடி எழுவதை 2004இல் காட்டியவர் ஜிங் யாங். மாசசூசெட்ஸில், ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வகத்தில் அவர் எடுத்துக்கொண்டது எலியின் ஒரே மார்பகக் கட்டியிலிருந்து பிரித்த நான்கு செல் வகைகள். ஒன்று பிறந்த இடத்தை விட்டு நகராது. ஒன்று நிணநீர்க் கணு வரை போகும். இன்னொன்று நுரையீரலை எட்டும், ஆனால் அங்கே வளராது. நான்காவது நுரையீரலில் குடியேறிக் கட்டியாகவே வளரும். அந்த நான்காவதில் ட்விஸ்டை அடக்கியபோது மார்பகக் கட்டி எப்போதும்போலவே வளர்ந்தது. நுரையீரலில் கட்டிகள் மட்டும் வெகுவாகக் குறைந்தன. புற்றுநோயாளிகளில் பெரும்பாலோரின் உயிரைக் குடிப்பது முதல் கட்டியல்ல, பரவல்தான். அதனால் இந்த ஆய்வை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

வேலை நடக்கும் விதம் கருவில் நடந்ததேதான். செல்லையும் செல்லையும் பிணைத்து வைக்கும் ஈ-காதெரின் என்ற புரதம் குறைகிறது. செல் வரிசையை விட்டுக் கழன்று, நீண்டு, ஊர்கிறது. ட்விஸ்டின் கூட்டாளியான ஸ்நெயில், ஈ-காதெரினின் மரபணுவை நேரடியாக அடக்குவதை ஸ்பெயினின் இரு குழுக்கள் 2000இலேயே காட்டியிருந்தன. புற்றுநோய் இதில் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நாம் ஒவ்வொருவரும் உருவாகப் பயன்பட்ட வழியையே எடுத்துக்கொள்கிறது.

சான் டியேகோவுக்கு மாறிய யாங், 2012இல் இன்னும் நுட்பமான ஒன்றைச் செய்தார். டாக்சிசைக்ளின் கொடுத்தால் ட்விஸ்ட் விழித்துக்கொள்ளும்படி எலிகளை உருவாக்கி, அவற்றின் தோலில் புற்றை வரவழைத்தார். சில எலிகளுக்கு மருந்தை வாய்வழியே கொடுத்தார். புற்றுச் செல் எங்கே போனாலும் அதில் ட்விஸ்ட் ஓயாமல் வேலை செய்தது. சிலவற்றுக்குத் தோல்மேல் மட்டும் தடவினார். கட்டியை விட்டுக் கிளம்பிய செல்லில் ட்விஸ்ட் அணைந்துபோனது. முதல் கூட்டத்தில் இரத்தத்தில் திரிந்த புற்றுச் செல்கள் ஏராளம், ஆனாலும் தொலைவில் முளைத்த கட்டிகள் குறைவு. தடவிய கூட்டத்தில்தான் அவை அதிகம். கிளம்புவதற்கு ட்விஸ்ட் வேண்டும்; போன இடத்தில் வேர்விட அது விலக வேண்டும். கருவிலும் ஊர்ந்து சேர்ந்த செல்கள் நின்ற பிறகுதான் திசுவாகின்றன.

2015இல் கணையப் புற்று எலிகள் வேறு கதை சொன்னன. ட்விஸ்டையோ ஸ்நெயிலையோ நீக்கியும் பரவல் குறையவில்லை. ஆனால் ஜெம்சிடபின் என்ற கீமோதெரபி மருந்து நன்றாக வேலை செய்தது. ஆக, எல்லாப் புற்றுக்கும் ட்விஸ்ட் ஒரே வேலையைச் செய்வதில்லை. மருத்துவருக்கு இது பெரிய சிக்கல். நோய் தெரியவரும் நாளில் பலருக்குச் செல்கள் ஏற்கெனவே கிளம்பிப் போயிருக்கும். அந்த நேரத்தில் ட்விஸ்டை அணைத்தால், நுரையீரலிலோ எலும்பிலோ ஒதுங்கிக் கிடக்கும் ஒற்றைச் செல்லை வளரச் சொன்னதாகிவிடுமோ என்ற கவலையும் கூடவே வருகிறது. அதனால் ட்விஸ்டைக் குறிவைக்கும் மருந்தை, எந்தப் புற்றுக்கு என்பதோடு எந்தக் கட்டத்தில் என்றும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.