தேர்தல் ஆணையத்தின் அதிகாரமும் நமது பொறுப்பும்

ஏற்காடு மலையில், சுமார் 5,300 அடி உயரத்தில் உள்ளது சேர்வராயன் கோயில். மலையாளி எனப்படும் பழங்குடி மக்களின் வழிபாட்டுத் தலம் அது. அம்மக்கள் வாழும் ஏற்காடு, பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. தமிழகத்தில் அத்தகைய தொகுதிகள் இரண்டுதான், மற்றொன்று சேந்தமங்கலம். தேர்தல் ஆணையத்தின் அதிகாரம் எதுவரை செல்லும் என்பதை அறிய, 2013 டிசம்பர் 4 அன்று ஏற்காட்டில் நடந்த இடைத்தேர்தலே போதுமான உதாரணம்.

அந்தத் தேர்தல் பிரச்சாரத்தில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா அளித்த வாக்குறுதிகள் நடத்தை விதிகளுக்கு மாறானவை என்று புகார் எழுந்தது. ஆட்சியில் இருக்கும் முதல்வருக்கே விளக்கம் கேட்டு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. யாருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை என்பதைப் பதிவு செய்யும் 'நோட்டா' பொத்தான் தமிழகத்தில் முதன்முதலில் இடம்பெற்றதும் அந்தத் தேர்தலில்தான். அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி ஆணையம் அதை நடைமுறைப்படுத்தியது.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

1950 ஜனவரி 25 அன்று தேர்தல் ஆணையம் அமைக்கப்பட்டது. நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களையும் குடியரசுத் தலைவர், துணைத் தலைவர் தேர்தல்களையும் நடத்தும் பொறுப்பை அரசியல் சாசனத்தின் 324-வது பிரிவு அதற்கு வழங்குகிறது. உள்ளாட்சித் தேர்தல்களை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அது வேறு அமைப்பு.

தலைமைத் தேர்தல் ஆணையரை உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான் பதவி நீக்க முடியும். ஆனால் நியமனத்தில் அரசின் கை ஓங்கியே இருக்கிறது. 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேர்வுக் குழுவில் பிரதமர், அவர் நியமிக்கும் மத்திய அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர் ஆகிய மூவர் உள்ளனர். எனவே ஆணையத்தின் நடுநிலையைக் கவனிப்பது குடிமக்களின் கடமையும் ஆகிறது.

தேர்தல் அறிவிக்கப்பட்டதும் நடத்தை விதிகள் அமலுக்கு வரும். தேர்தல் பணியில் உள்ள அரசு அலுவலர்களும் காவலர்களும் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் வருவர். கோயிலோ, பள்ளிவாசலோ, தேவாலயமோ, வழிபாட்டுத் தலத்தைப் பிரச்சார மேடையாக்கக் கூடாது. இது நமது ஜமாஅத்துகளுக்கும் பொருந்தும். பணப்பட்டுவாடா புகாரால் 2017-இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலை ஆணையம் ரத்து செய்தது. 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் அதன் பரிந்துரையின் பேரில் ரத்தானது. ஆனால் முடிவு அறிவிக்கப்பட்ட பின் வெற்றியை எதிர்க்க விரும்புவோர் 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில்தான் வழக்குத் தொடர வேண்டும்.

நம் பெயர் இருக்கிறதா?

மதத்தைக் காரணம் காட்டி யாரையும் வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கக் கூடாது என்கிறது 325-வது பிரிவு. ஆயினும் நம் குடும்பங்களில் ஒரே பெயர் ஓர் ஆவணத்தில் 'முகம்மது' என்றும் மற்றொன்றில் 'முஹம்மத்' என்றும் இருக்கும், வீடு மாறியிருப்போம், பிள்ளைகள் வளைகுடாவில் இருப்பார்கள். வாக்காளர் அட்டை கையில் இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் வாக்களிக்க முடியாது.

புதிதாகச் சேர படிவம் 6, திருத்தத்திற்கும் முகவரி மாற்றத்திற்கும் படிவம் 8, வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்களுக்குப் படிவம் 6ஏ. வெளிநாட்டில் இருப்போர் நேரில் வந்துதான் வாக்களிக்க வேண்டும். ஒருவர் பெயரை நீக்கக் கோருவது படிவம் 7. வாக்காளர் பதிவு அலுவலரின் முடிவு தவறென்று கருதினால் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். வேட்புமனு தாக்கல் முடிந்த பிறகு, அந்தத் தேர்தலுக்கு யார் பெயரையும் சேர்க்க முடியாது.

வாக்கு ஒரு சாட்சியம் என்று மார்க்க அறிஞர்கள் பலர் விளக்கியுள்ளனர். சாட்சியத்தை மறைப்பதைக் குர்ஆன் (2:283) கண்டிக்கிறது. ஆகவே இந்த வாரமே வீட்டில் எல்லோர் பெயரையும் பட்டியலில் சரிபார்ப்போம். இயலாத முதியவர்களுக்கும் விதவைகளுக்கும் ஜமாஅத் இளைஞர்கள் உதவட்டும். அல்லாஹ் நம் அமானிதத்தை முறையாக நிறைவேற்றத் துணை புரிவானாக!