உண்ணும் கூடமும் விளையும் முற்றமும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் அரியாங்குப்பத்தைக் கடந்தால் நோணாங்குப்பம் வருகிறது. அங்கே சுண்ணாம்பாறு கடலை நோக்கி மெல்ல நகர்கிறது. படகில் உலாவ வரும் வெளியூரார் பசியாற உணவு விடுதிகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றில் அமர்ந்திருந்தபோது, இலையில் வைத்த கீரை எங்கே விளைந்தது என்று பரிமாறிய இளைஞரிடம் வினவினேன். "மார்க்கெட்டுலேர்ந்து வருது பாய். அதுக்கு முன்னாடி எங்கேன்னு தெரியாது" என்றார்.

அவர் உண்மையே சொன்னார். எனினும் அவ்விடை என்னை உறுத்தியது. உண்ணும் இடமும் விளையும் இடமும் ஒரே கூரையின்கீழ் அமையலாகாதா? இக்காலக் கட்டடக் கலைஞர் இதனைப் புதுமை என்பர். வரலாறோ இதனை மிகப் பழைய ஆசை என்று காட்டுகிறது.

நோணாங்குப்பத்திற்கு அண்மையில் உள்ளது அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, உரோம வணிகத்தைக் காட்டும் சாடிகளின் உடைசல்களும் இத்தாலிய மட்கலங்களும் கிடைத்தன. அவ்வணிகம் செழித்த முதல் நூற்றாண்டில் உரோமை ஆண்டவருள் ஒருவர் திபேரியுஸ் (கி.பி. 14-37). அவருக்கு நாள்தோறும் வெள்ளரிக்காய் வேண்டும். ஆகவே தோட்டக்காரர் சக்கரம் பூட்டிய பாத்திகளில் அதனை வளர்த்தனர். வெயிலில் வெளியே தள்ளினர். குளிரில் ஒளி ஊடுருவும் கல்தகடுகளால் மூடிக் காத்தனர். பிளினி எழுதி வைத்த செய்தி இது. ஒருவர் நாவிற்காகப் பலர் உழைத்த ஏற்பாடு.

அந்தலூஸில் இதே ஆசை வேறு வடிவம் பெற்றது. இல்லத்தின் நடுவே முற்றம். அதில் நீரும் நிழலும் கனிமரமும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இஷ்பீலிய்யா நகரத்து இப்னுல் அவ்வாம் எழுதிய ‘கிதாபுல் ஃபிலாஹா’ மண், எரு, நீர்ப்பாசனம், ஒட்டுக்கட்டுதல் ஆகியவற்றை விளக்கி, 585 தாவரங்களைப் பற்றிப் பேசுகிறது. அரபியர் ஸ்பெயினுக்குக் கொண்டுசென்ற கனிகளுள் ஒன்று ‘நாரஞ்ச்’. நம் ‘நாரத்தை’யோடு உறவுடைய சொல் இஃது என்பர் மொழிநூலார்.

அந்தக் கனி பிரான்சின் அரண்மனைக்கும் சென்றது. 1674-ல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சு வணிகத்திற்கு அடிகோலினார். அடுத்த பத்தாண்டில், 1684 முதல் 1686 வரை, வெர்சாயில் பதினான்காம் லூயிக்கு நாரஞ்சுக்கூடம் எழுந்தது. தடித்த சுவர்களும் பெரிய கண்ணாடிச் சாளரங்களும் தொட்டிமரங்களைப் பனியிலிருந்து காத்தன. அங்கே மரம் உணவைவிட ஆடம்பரத்திற்கே பயன்பட்டது.

அரசர் கண்ணாடியைப் பொதுமக்கள் பந்திக்குக் கொணர்ந்தது நம் காலம். ஆம்ஸ்டர்டாம் நகராட்சியின் நாற்றுப்பண்ணையில் 1926-ல் எழுப்பிய கண்ணாடிக்கூடம் இடிபட இருந்தது. கெர்ட் யான் ஹாகெமன் என்னும் சமையற்கலைஞர் அதனை மீட்டு, 2001-ல் ‘டி காஸ்’ உணவகமாகத் திறந்தார். விருந்தினர் கண்ணாடிக் கூரையின்கீழ் அமர்கின்றனர்; அருகே கீரையும் காயும் விளைகின்றன. அன்று பறித்ததே அன்றைய உணவை முடிவு செய்கிறது. 2010-ல் தோக்கியோவில் ஒரு நிறுவனம் தன் அலுவலகத்தினுள்ளேயே நெல்லும் தக்காளியும் வளர்த்து ஊழியர் உணவறையில் பரிமாறியது. ஆயின் விளக்கொளியில் விளையும் நெல்லுக்கு, கதிரவன் இலவசமாகத் தருவதை மின்சாரம் விலைக்குத் தரவேண்டியுள்ளது.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். கண்ணாடிக்கூடம் குளிர்நாட்டின் தேவை. சுண்ணாம்பாற்றங்கரையில் அதைக் கட்டினால் செடியும் வாடும்; உண்பவரும் வாடுவர். நமக்கு வேண்டியது வெப்பத்தைச் சிறைப்பிடிக்கும் கூரையன்று. நிழலும் காற்றோட்டமும் ஆகும். வெயிலை நமக்கு ஏற்றவாறு ஆளும் வழிக்குப் புதுச்சேரியின் வடபுறத்தே ஒரு சான்று உண்டு. ஆரோவிலில் 1997-ல் தொடங்கிய சூரிய சமையற்கூடத்தின் கூரைமீது 15 மீட்டர் விட்டமுள்ள ஒரு கிண்ணம் அசையாது நிற்கிறது. அதன் உட்புறக் கண்ணாடிகள் குவிக்கும் வெயிலை, கதிரவனைத் தொடர்ந்து நகரும் குழாய் ஏற்று நீராவியாக்குகிறது. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு அங்கே உணவு சமைக்கின்றனர். அருகிலுள்ள பண்ணைகளின் விளைச்சலை அக்கூடமே வாங்குகிறது. கூரையின்கீழ் வயல் இல்லை. ஆயினும் வயலுக்கும் இலைக்கும் இடைவெளி குறுகிவிட்டது.

அந்த இடைவெளியே இல்லாத வீட்டில்தான் நான் வளர்ந்தேன். நடுமுற்றத்தில் வெயிலும் மழையும் இறங்கும். அரிசி களைந்த நீர் முருங்கைக்கும், பாத்திரம் கழுவிய நீர் கொல்லை வாழைக்கும் செல்லும். ஒரு சொட்டும் வீண்விரயமாகாது. இருபது ஆண்டுகளுக்கு முன், மகன் திருமணத்திற்கு ஓர் அறை கூடுதலாக வேண்டுமென்று அம்முற்றத்தைக் கான்கிரீட்டால் மூடியவன் நானே. முருங்கையையும் வெட்டினோம். இன்று முருங்கைக்கீரையைக் காசு கொடுத்து வாங்குகிறோம். பகலிலும் விளக்கேற்றி உண்கிறோம். விடுதிக்காரரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

ஆகவே இதனை அறிவுரையாக அன்று, கழிவிரக்கத்தோடு எழுதுகிறேன். புதுச்சேரிக் கடற்கரையில் நிலத்தடி நீரில் உப்பேறி வருகிறது. இனி அங்கே விடுதி எழுப்புவோர் நடுவே ஒரு முற்றம் விடட்டும். கூரைமழையைத் தொட்டியில் சேர்க்கட்டும். சிறுகீரை பறிப்புக்கு வர ஒரு மாதமும் ஆகாது. நிழல்வலையின்கீழ் நாலு பாத்தி போதும். ஊர் முழுவதையும் அது ஊட்டாது. ஆனால் கீரை எங்கே விளைந்தது என்று கேட்பவருக்கு, பரிமாறும் பிள்ளை கை நீட்டிக் காட்ட ஓர் இடம் இருக்கும்.