மூச்சுக் கொடை

பெங்களூரைச் சேர்ந்த தொம்மலூரில் சோழர் காலத்துச் சொக்கநாதசுவாமி கோயில் ஒன்று உண்டு. அவ்வூரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வழங்கிய பழைய தமிழ்க் கல்வெட்டுகள், கோயிலுக்கு ஈந்தோரின் கொடைகளைப் பதிவு செய்துள்ளன. பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்த தமிழராகிய நாம், கல்லில் பொறிக்கப்படாத வேறொரு கொடையின் வரலாற்றை இன்று சிந்திப்போம். நுரையீரல் நலிந்து மூச்சுவிட இயலாதவருக்கு, மறைந்தவர் ஒருவரின் நுரையீரலைப் பொருத்தி வாழ்விக்கும் சிகிச்சையே அது.

ரஷ்ய அறிஞர் டெமிகோவ் 1947-ஆம் ஆண்டில் நாய்களிடம் இதனைச் செய்து பார்த்தார். மனிதருக்கு முதன்முதலாகச் செய்தவர் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து மருத்துவர் ஜேம்ஸ் ஹார்டி. 1963 ஜூன் 11-ஆம் நாள் அவர் பொருத்திய நுரையீரல் வேலை செய்தது; ஆயினும் நோயாளி சிறுநீரகம் கெட்டுப் 18 நாளில் மாண்டார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் உலகெங்கும் ஏறக்குறைய 40 பேருக்கு இச்சிகிச்சை நடந்தது. பெல்ஜியத்தில் டெரோம் என்பார் 1968-இல் சிகிச்சை செய்த ஒருவர் பத்து மாதம் வாழ்ந்தார். ஏனையோரில் பெரும்பாலோர் சில நாட்களிலோ வாரங்களிலோ மறைந்தனர்.

கைத்திறன் இருந்தும் உயிர் நிலைக்காதது ஏன்? காரணங்கள் இரண்டு. அயலான் உறுப்பை உடல் பகையெனக் கருதித் தாக்குகிறது. அத்தாக்குதலை அடக்கக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்தோ, மூச்சுக்குழாயைத் தைத்த இடம் ஆறாதபடி தடுத்தது. இயல்பாகவே அவ்விடத்திற்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே தையல் விட்டுப்போயிற்று.

நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து பிறந்த சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து இதற்கு வழி திறந்தது. ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டு, வயிற்றிலுள்ள கொழுப்புத் திரையைத் தையலின்மேல் சுற்றி அதற்கு இரத்தம் ஊட்டும் முறையைக் கனடாவின் டொராண்டோ நகரில் ஜோயல் கூப்பர் குழுவினர் கண்டனர். 1983 நவம்பரில் அவர்களிடம் ஒற்றை நுரையீரல் பெற்றவர் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். ஹார்டியின் முயற்சி கனிய இருபது ஆண்டுகள் ஆயின!

நம் நாட்டில் மூளைச்சாவை மரணமாக ஏற்ற சட்டம் 1994-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. சட்டம் இருந்தும், ஈயும் உள்ளங்கள் வேண்டுமன்றோ? 2008-இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவடைந்த தம் பதினைந்து வயது மைந்தனின் உறுப்புகளை ஈந்தனர். அவன் இதயம் பெங்களூர்ச் சிறுமி ஒருத்திக்குச் சென்னையில் பொருத்தப்பட்டது. அச்செய்தி தமிழகத்தின் மனத்தை அசைத்தது. 2020 ஆகஸ்டில், கொரோனாவால் நுரையீரல் இரண்டும் அழிந்த டில்லிப் பகுதியினர் ஒருவர், சென்னை எம்.ஜி.எம். ஹெல்த்கேர் மருத்துவமனையில் புது நுரையீரல் பெற்றார். அதனை ஈந்தவர் சென்னையில் மூளைச்சாவடைந்தவர்.

எனினும் நம்போன்றோருக்கு ஓர் இடர் இருந்தது. வேற்று மாநிலத்தில் உறுப்பு வேண்டிப் பெயர் பதிய, அம்மாநிலத்தவர் என்னும் சான்றைச் சில மாநிலங்கள் கேட்டன. மூச்சுத் திணறுபவன் சான்றுக்கு எங்கே அலைவான்? இவ்விதியை நீக்குமாறு 2023-ஆம் ஆண்டில் மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. ஆதலின், இருக்கும் ஊரிலேயே பதிவு கோரத் தயங்கவேண்டுவதில்லை.

பெறும் உரிமை உண்டெனில் ஈயும் கடமையும் உண்டு. உடலைவிட்டு எடுத்த நுரையீரல் சில மணி நேரமே தாங்கும். அந்நேரத்தில் குடும்பத்தார் கலங்கி நிற்பர். ஆகையால் நம் விருப்பத்தை இன்றே வீட்டாரிடம் சொல்லி வைப்போம். கர்நாடகத்தில் இப்பணியை ஒருங்கிணைக்கும் அமைப்புக்கு 'ஜீவசார்த்தகதே' என்று பெயர். வாழ்வு பயனுறுதல் என்பது அதன் பொருள். அன்று தொம்மலூரில் நம் மொழியினர் நிலம் ஈந்தனர். நாம் மூச்சையே ஈயலாம்.