சுருதி ஏறிய கதை

சங்க மலருக்கு ஏதாவது எழுது என்று செயலாளர் அண்ணன் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு விடுதிச் சண்டைதான். 2008. நாங்கள் மூன்றாம் ஆண்டு. அறையில் பழைய தமிழ்ப் படம் ஒன்றின் விசிடி ஓடிக்கொண்டிருந்தது. சங்கீதம் படித்த அறைத்தோழன் திடீரென்று, "டேய், கேசட்ல இருக்கிற சுருதி இது இல்ல. கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறியிருக்கு" என்றான்.

நாங்களோ இ.சி.இ.! "டிஜிட்டல்ல சுருதி எப்படிடா ஏறும்?" என்று எல்லோரும் சேர்ந்து சிரித்தே அவன் வாயை அடைத்தோம். அதற்குப் பிறகு அவன் எங்கள் முன்னால் பாடவே இல்லை.

நிற்க. சினிமா ஒலி வீட்டுக்குள் வந்த கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

1963-இல் பிலிப்ஸ் கொண்டுவந்த கேசட்டில் நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. ஓடும். 1976-இல் வந்த வி.எச்.எஸ். வீடியோ கேசட்டில், நம் நாட்டின் பால் முறையில், 2.34 செ.மீ.தான்! நாடாவின் ஓரத்தில் மெல்லிய கோடாகப் பதிந்த ஒலி மந்தமாகக் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம். சுழலும் ஹெட் மூலம் ஒலியைப் பதியும் ஹை-ஃபை டெக்குகள் எண்பதுகளில் வந்து இந்தக் குறையைப் போக்கின. ஆனால் சாதாரண டெக்குகளில் அந்த வசதி கிடையாது.

1982-இல் வந்த ஆடியோ சிடியில் ஒலிக்கு விநாடிக்கு 1,411 கிலோபிட். 1993-இன் விசிடியோ அதே அளவு தட்டில் படத்தையும் அடைக்க வேண்டியிருந்ததால் ஒலிக்கு ஒதுக்கியது 224 தான். 1996-இல் வந்த டிவிடியில் ஆறு தடங்களுக்கும் சேர்த்து டால்பி டிஜிட்டல் 448 வரை கொடுத்தது. 2006-இல் வந்த ப்ளூ-ரேயில்தான் ஸ்டுடியோ ஒலியை இழப்பில்லாமல் தர வழி பிறந்தது.

சரி, சுருதி? சில வருடங்களுக்கு முன், அதே பாட்டின் ஒரே பகுதியைச் சிடியிலும் விசிடியிலும் கணினியில் அளந்து பார்த்தேன். விசிடியில் ஐந்து நிமிடத்துக்குப் பன்னிரண்டு விநாடி குறைந்தது!

விஷயம் இதுதான். சினிமா பிலிம் விநாடிக்கு 24 பிரேம். பால் டி.வி.க்கு 25 வேண்டும். சுலப வழியாகப் பிலிமையே 25-இல் ஓட்டி மாற்றிவிடுவார்கள். வேகம் 4 சதவீதம் கூடும். 150 நிமிடப் படம் 144-இல் முடியும். சுருதியும் அரைக்கட்டையில் பத்தில் ஏழு பங்கு ஏறிவிடும். டிஜிட்டல் அந்தத் தவறையும் சேர்த்து விசுவாசமாகப் பதிந்துகொள்ளும். ப்ளூ-ரே 24 பிரேமையே தாங்கும் என்பதால், அதில் 24-லேயே பதிந்த படங்களில் சுருதி பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

கருவி இல்லாமல் காதாலேயே இதைக் கண்டுபிடித்தவனைத்தான் நாங்கள் கேலி செய்தோம். தோழா, மன்னித்துக்கொள். இந்தச் சந்திப்புக்கு அவசியம் வா. ஒரு பாட்டுப் பாடு. எந்தக் கட்டையில் பாடினாலும் வாய் திறக்காமல் கேட்கிறோம்.