கழுத்துச் சுரப்பியும் குருதிச் சோதனையும்

தமிழில் மேனாட்டு வைத்தியம் வளர்ந்த வரலாற்றில் யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்குத் தனியிடம் உண்டு. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயைத் தம் பணிக்களமாகக் கொண்டார். இடையே சில ஆண்டுகள் தாயகம் சென்றிருந்த காலம் நீங்கலாக, 1873 வரை அவர் அங்கே நோயாளரைப் பேணியதோடு, அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் மாணவரையும் வைத்தியத்தில் பயிற்றினார். 1864 முதல் அக்கல்வி தமிழிலேயே நடைபெற்றது. மாணவர் கையில் கொடுக்கத் தமிழ் நூல் வேண்டுமல்லவா? அதன்பொருட்டு எழுந்த மொழிபெயர்ப்புகளுள் ஒன்றே, கிறே என்னும் ஆங்கில அறிஞரின் உடற்கூற்று நூலைத் தழுவி 1872 இல் வெளிவந்த ‘மனுஷ அங்காதிபாதம்’.

கழுத்தின் முன்புறத்தில் மூச்சுக்குழலைத் தழுவிக் கிடக்கும் தைரொயிட்டுச் சுரப்பியின் வடிவத்தை அக்கால உடற்கூற்று அறிஞர் நன்கு அறிந்திருந்தனர். 1656 இலேயே தோமஸ் வார்ட்டன் என்னும் ஆங்கில வைத்தியர், கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயர் சூட்டியிருந்தார். ஆயினும் அச்சுரப்பி செய்யும் தொழில் யாது என்பதை இலண்டன் பேராசிரியரும் தெளிவாக அறியார். மானிப்பாய் மாணவரும் அறிய வழியில்லை. பெயரும் வடிவமும் தெரிந்த ஓர் உறுப்பின் தொழிலை அறியவும், அத்தொழிலை அளந்து காணவும், மேலும் ஒரு நூற்றாண்டு கடக்க வேண்டியதாயிற்று.

சுரப்பி வீங்கிப் புடைத்தால் அது கண்டக்கழலை. அதனைக் கண்ணாற் காணலாம், விரலால் தொட்டறியலாம். இலங்கையில் இந்நோய் மழை மிகுந்த தென்மேற்குப் பகுதியிலேயே பெரிதும் காணப்பட்டது. கடல் சூழ்ந்த யாழ்ப்பாணக் குடாநாடு அப்பகுதியைச் சேர்ந்ததன்று. ஆனால், கழலை இல்லாதவிடத்துச் சுரப்பியின் குறையும் இல்லை என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. வீக்கம் சிறிதுமின்றியே சுரப்பி நலிவதுண்டு. அப்பொழுது உடல் சோரும், குளிர் தாங்காது, தோல் வறளும், முடி உதிரும், மலம் கட்டும், நினைவு மங்கும். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் வேறு நூறு காரணம் கூறலாம். வீட்டு வேலையில் தளரும் ஒரு பெண்ணைச் சோம்பேறி என்பார். வயது முதிர்ந்தவளாயின் முதுமை என்பார். நோய் இருந்தும் நோயென்று பெயர் பெறாத நிலை இது.

இதற்கு மருந்து கிடைத்தது, அளக்கும் முறை கிடைப்பதற்கு முன்னரே என்பது வியப்புக்குரியது. 1891 இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜோர்ஜ் மறே என்னும் இளம் வைத்தியர், ஆட்டின் தைரொயிட்டுச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை நலிவுற்ற ஒரு பெண்ணுக்கு ஊசிமூலம் ஏற்றினார். அப்பெண் தேறி, அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914 இல் எட்வர்ட் கெண்டல் சுரப்பியின் ஓமோனாகிய தைரொக்சினைப் பிரித்தெடுத்தார். 1927 இல் அது செயற்கையாக ஆக்கப்பட்டது. மருந்து வந்தும், எவருக்கு அது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று துணிதல் அரிதாகவே இருந்தது. உணவின்றி அசையாது படுத்திருப்பவர் உட்கொள்ளும் ஒட்சிசனை அளந்து பார்த்தனர். சிறு அச்சமும் அந்தக் கணக்கைப் பிழைபடுத்தும். குருதிப் புரதத்தோடு கூடிய அயடீனை அளந்தனர்; அயடீன் கலந்த மருந்து உட்கொண்டவரிடத்து அதுவும் பிழைத்தது.

வழி திறந்தவர் நியூயோர்க்கில் பணியாற்றிய சொலமன் பேர்சன், ரோசலின் யலோ என்னும் இருவர். குருதியில் மிக நுண்ணிய அளவில் உலவும் ஓமோனைக் கதிரியக்க அயடீன் கொண்டு அளக்கும் முறையை அவர்கள் 1960 ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்தனர். பேர்சன் 1972 இல் மறைந்தார். யலோ 1977 இல் நோபல் பரிசு பெற்றார். அம்முறையைப் பின்பற்றி, மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி விடுக்கும் தைரொயிட்டைத் தூண்டும் ஓமோனை 1965 இல் அளந்தனர். இன்று ரீ.எஸ்.எச். என வழங்கும் சோதனை இதுவே.

இச்சோதனையின் நுட்பம் எளிதில் விளங்கும். தைரொயிட்டு தளர்ந்தால் கபச்சுரப்பி அதனைத் தூண்டித் தூண்டி ஓமோனை மிகுதியாக அனுப்பும். தைரொயிட்டு மிகையாகத் தொழிற்பட்டால் அனுப்புவதைக் குறைக்கும். ஆகவே எண் உயர்ந்திருப்பின் பெரும்பாலும் சுரப்பி நலிந்தது என்றும், எண் மிகத் தாழ்ந்திருப்பின் சுரப்பி மிகுந்தது என்றும் தலைகீழாகக் கொள்ளல் வேண்டும். வளர்ந்தோர்க்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இயல்பான அளவென்பர். சுரப்பி ஓரளவு தளர்ந்தவுடனேயே இந்த எண் பன்மடங்கு உயர்வதால், உடலில் குறி தோன்றுமுன்னரே குறை வெளிப்படும்.

ஆனால் கதிரியக்க அயடீனின் ஆற்றல் அறுபது நாளில் பாதியாகத் தேயும். அதனை நெடுங்காலம் சேமித்து வைத்தல் இயலாது. பாதை திறந்திருக்கும் ஊருக்கே அது பயன்படும். யாழ்ப்பாணத்திலோ, 1990 முதல் பல ஆண்டுகள் கண்டி வீதி அடைபட்டுக் கிடந்தது. குடாநாடு நெடுநாள் மின்சாரமின்றி இருந்தது. 2002 இல் திறந்த பாதை 2006 இல் மீண்டும் அடைபட்டது. மருந்தும் சோதனைப் பொருளும் பாதையையும் மின்சாரத்தையும் நம்பியிருப்பவை. யுத்தத்தின் தீங்கு காயத்தோடு நிற்பதன்று, காணப்படாத நோயையும் அது காணப்படாமலே வைத்திருக்கும்.

கதிரியக்கம் வேண்டாத புதிய முறைகள் 1980களில் பரவின. இன்று யாழ்ப்பாணத்திலேயே இச்சோதனையைச் செய்துகொள்ளலாம். கையிலிருந்து சிறிது குருதி எடுத்தால் போதும். 1995 முதல் இலங்கையில் உணவுப்பின் அயடீன் சேர்க்கப்படுவதால் கழலை குறைந்தது; எனினும் அயடீன் குறைவினாலன்றி உடலின் காப்புப் படையே சுரப்பியைத் தாக்குவதால் வரும் நலிவை உப்பு தடுக்காது. அதனைச் சோதனையே காட்டும்.

பிறந்த குழந்தைக்கு இதன் பயன் இன்னும் பெரிது. ஏறத்தாழ இரண்டாயிரம் முதல் நாலாயிரம் குழந்தைகளில் ஒன்று இக்குறையோடு பிறக்கும். பார்வைக்கு நலமாகவே தோன்றும். முதல் இரு கிழமைக்குள் மருந்து தொடங்கினால் அறிவு வளரும். மாதக்கணக்கிற் தாமதித்தால் இழந்த அறிவு மீளாது. குதிகாலிற் குத்தியெடுத்த குருதித் துளியைத் தாளில் உலர்த்திச் சோதிக்கும் முறையை 1970களில் கனடா நாட்டுக் கியூபெக்கில் ஜோன் டுசோ என்பார் வகுத்தார். அத்தாளைத் தபாலிலும் அனுப்பலாம். இலங்கையிலும் அம்முறை தென் மாகாணத்தில் தொடங்கிப் பின்னர் விரிந்தது.

ஓர் உறுப்பை அறிதல் வேறு. அது நலமாயிருக்கின்றதா என ஏழை எளியவருக்கும் சொல்ல வல்லவராதல் வேறு. முன்னதற்கு நூல் போதும். பின்னதற்கு நூலோடு ஆய்வுகூடமும், திறந்த பாதையும், தன் சோர்வை வைத்தியரிடம் எடுத்துரைக்கும் துணிவும் வேண்டும். இறுதியிற் கூறியது எவரும் கொடுக்க வேண்டாதது. ஒவ்வொருவரும் தாமே கொள்ளத்தக்கது.