போத்தலில் அடங்காத கள்

குன்றவர் நெடிய மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேன்கள்ளைத் தம் சுற்றத்தோடு உண்டு குரவையாடினர் எனத் திருமுருகாற்றுப்படை கூறும். அக்கள்ளுக்குத் தேறல் என்று பெயர்; தெளிந்தது என்பது பொருள். மதுவைக் கலத்தில் வைத்து முதிரச் செய்வது தமிழர்க்குப் புதிதன்று. அங்ஙனமாக, ஜொகூர்த் தோட்டங்களில் இறக்கிய தென்னங்கள் மட்டும் மூடியிட்ட போத்தலில் ஏறாமற் போனது ஏன்?

விடை நுரையில் இருக்கிறது. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் கரியமிலவாயுவையும் தருகிறது. திறந்த கலயத்தில் வாயு பறந்துவிடும். இறுக மூடினால் பானத்திலேயே கரைந்து நிற்கும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், 1767-இல் மதுவாலைக்கு அருகில் குடியேறிய பிரீஸ்ட்லி, அங்கே பீர்த் தொட்டிகளின் மேல் தேங்கிய வாயுவை நீரில் கலந்து பார்த்தார். சோடாவின் பிறப்பு அது.

பீர் காய்ச்சுவோர் இவ்வாயுவை அளந்து அடக்கக் கற்றனர். முதலில் சர்க்கரை முழுதும் புளித்து அடங்க விடுவர். பின்னர் லிட்டருக்கு ஐந்தாறு கிராம் சர்க்கரை மட்டும் சேர்த்து, மூடி, இரு வாரம் வெதுவெதுப்பான இடத்தில் வைப்பர். 4 கிராம் சர்க்கரை ஏறத்தாழ ஒரு லிட்டர் வாயுவைத் தரும். குறைந்தால் பானம் சப்பென்றிருக்கும். மிகுந்தால் போத்தல் வெடிக்கும்.

தென்னம்பாளையில் வடியும் சாற்றிலோ லிட்டருக்கு 120 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை உண்டு. பாதி புளித்தபின் மூடினாலும் எஞ்சுவது 60 கிராம். பீருக்கு வேண்டியதைப்போல் பத்து மடங்கு! எந்தக் கண்ணாடி தாங்கும்? முழுதும் புளிக்கட்டும் என்று காத்திருந்தால் கள் காடியாகிவிடும். சூடேற்றி நுண்ணுயிரைக் கொன்று அடைக்கலாம்; இலங்கையில் அவ்வாறு செய்கின்றனர். தோட்டத்துக் கள்ளுக்கு அந்தச் செலவை யார் செய்வார்?

பீரின் கதை வேறு. 1883-இல் சிங்கப்பூரில் சோடாக் கம்பெனி தொடங்கிய பிரேசரும் நீவும் வைத்த பெயரில் வளர்ந்த நிறுவனம், 1931-இல் ஹைனெக்கனோடு கூடி மதுவாலை கண்டது. 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தின் வழியே ரயிலேறினால் குளுவாங், லாபீஸ், சிகாமட் வரை போத்தல் போகும். போய், கடை அலமாரியில் வாங்குவோனுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும்.

கள் காத்திராது. அன்றிறக்கியது அன்றே விலைபோக வேண்டும். ஆகவே குடிப்பவன் இருக்குமிடத்திற்கே கடை வந்தது. மரமும் தோட்டத்தில், கடையும் தோட்டத்தில், கடையை நடத்துவதும் நிர்வாகம். கொடுத்த கூலியில் ஒரு பகுதி மாலையிலேயே திரும்பிவிடும். இலாபம் தொழிலாளர் நலனுக்கே என்றும் சொல்லப்பட்டது! நுரை ஒன்றே காரணம் என்பதன்று. அரசாங்க வருவாயும் துரைமார் வசதியும் உடனிருந்தன. ஆயினும் தமிழனின் குடிப்பழக்கத்தைப் பழித்தவர்களுள், கடை ஏன் லயத்தின் அருகில் நின்றது என்று கேட்டவர் மிகச் சிலரே.

குடித்தவர்களே அதைக் கேட்டனர். 1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் வேலை நிறுத்தம் செய்த தோட்டத் தொழிலாளர், கூலி உயர்வோடும், பிள்ளைகளுக்கு முறையான கல்வியோடும், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்காதிருக்கும் உரிமையோடும் சேர்த்து, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கோரினர்.