கண்ணாடிக்குள் கல்யாணப் பூ

19ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் பல வீடுகளில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருந்தது. கவிழ்த்த கண்ணாடிக்குள் சிவப்பு வெல்வெட் திண்டு, அதன்மேல் அந்த வீட்டு அம்மாள் கல்யாணத்தன்று தலையில் சூடிய ஆரஞ்சுப் பூ வளையம், சுற்றிலும் பொன்முலாம் பூசிய தகட்டு வேலை. பூ பெரும்பாலும் மெழுகில் செய்தது. நினைவுக்குப் பூ வேண்டும், அது வாடவும் கூடாது என்று ஆசைப்பட்டவர்கள், வாடாத பூவையே முதலில் சூட்டிவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான், கொஞ்சம் ஏமாற்றும்கூட.

ஜெர்மானிய மணப்பெண் சூடியது மிர்ட்டில் தழை வளையம். மிர்ட்டில், கொய்யாவும் நாவலும் சேர்ந்த குடும்பத்துச் செடி. சின்ன இலை, தடிப்பானது, பளபளப்பானது. காய்ந்தாலும் சட்டென்று உருக்குலையாது. கல்யாணம் முடிந்ததும் வளையத்தையும் மாப்பிள்ளையின் கோட்டில் செருகியிருந்த சிறு கொத்தையும் ஆழமான மரச்சட்டத்தில் வைத்துக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். சில வீடுகளில் நடுவே தம்பதியின் புகைப்படமும் இருக்கும். கல்யாணப் பூச்செண்டை அழுத்தி உலர்த்திச் சட்டம் போட்டு மாட்டும் இன்றைய வழக்கத்துக்கு முன்னோடி இதுதான் என்று சொல்லலாம். இதே மிர்ட்டில் இங்கிலாந்து அரண்மனைக்கும் போனது. 1845இல் விக்டோரியா ராணிக்கு அவர் கணவர் ஆல்பர்ட்டின் பாட்டி கொடுத்த கொத்திலிருந்து ஒரு கிளையை வைட் தீவின் ஆஸ்போர்ன் மாளிகையில் நட்டார்கள். 1858இல் ராணியின் மூத்த மகள் மிர்ட்டிலோடு மணமேடை ஏறினாள். அரச குடும்பத்து மணப்பெண்களின் பூச்செண்டில் இன்றும் ஒரு துளிர் சேர்கிறது.

பூவைத் தாளுக்கிடையே அழுத்திக் காயவைக்கும் வித்தைக்கும் கல்யாணத்துக்கும் தொடக்கத்தில் சம்பந்தமே கிடையாது. அது வைத்தியம் படித்தவர்களின் கைவேலை. 1544இல் பீசாவுக்கு வந்த பேராசிரியர் லூகா கினி, குளிர்காலத்தில் செடிகள் பட்டுப்போனாலும் மாணவர்கள் மூலிகைகளைப் பார்க்க வேண்டுமே என்று, அவற்றை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டவைத்தார். அவர் சேர்த்தது இன்று இல்லை. மாணவர்கள் அந்த வழக்கத்தை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனார்கள். சென்னைக்கும் அது வந்தது. 1690களில் புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்த மருத்துவர் சாமுவேல் பிரவுன், இங்கே பறித்து உலர்த்திய செடிகளைத் தமிழ்ப் பெயர்களோடு லண்டனுக்கு அனுப்பினார்.

அடுத்த நூற்றாண்டுகளில் வித்தை வீட்டுக்குள் நுழைந்தது. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் பள்ளி நாட்களில் 424 செடிகளை ஓர் ஆல்பத்தில் ஒட்டிவைத்தார். அதன் தாள்கள் இன்று பொடிந்துபோகும் நிலையில் இருப்பதால், ஹார்வர்டு நூலகம் அசலைத் தொடவிடுவதில்லை, படங்களைத்தான் பார்க்கலாம்.

அழுத்திய பூவைச் சித்திரமாக்கிச் சுவருக்குக் கொண்டுவந்தவர்களில் பிரபலமானவர் கிரேஸ் கெல்லி. 1956இல் மொனாக்கோ இளவரசரை மணந்தபோது இந்த ஹாலிவுட் நடிகையின் கையில் இருந்தது பிரார்த்தனைப் புத்தகமும் சின்னதொரு லில்லி ஆஃப் தி வேலி கொத்தும்தான். பிற்பாடு பூ அழுத்துவதில் பைத்தியமாகி, 1977இல் பாரிஸில் தன் பூச்சித்திரங்களைக் கண்காட்சியாகவே வைத்தார்.

அவர் பிடித்ததைப் போன்ற சின்னக் கொத்து என்றால் புத்தகத்துக்குள்ளேயே அடங்கும். இன்றைய பூச்செண்டு அப்படியா? முழு ரோஜாவை அப்படியே நசுக்கினால் நடுவில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். ஆகவே பூச்செண்டைச் சட்டம் போட்டுத் தரும் பட்டறைக்காரர் அதை இதழ் இதழாகப் பிரிக்கிறார். உறிஞ்சுதாள்களுக்கிடையே பரப்பி இறுக்குகிறார். தாள் ஈரமாக ஆக மாற்றுகிறார். வாரக்கணக்கில் காய்ந்த பிறகு இடுக்கியால் ஒவ்வொரு இதழாக எடுத்து, கல்யாணப் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடியும் ரோஜாவாக அடுக்குகிறார். சட்டத்துக்குள் போவது உண்மையில் பூச்செண்டின் சித்திரம். வரையப் பயன்பட்டது அதே பூ என்பதுதான் விசேஷம்.

நிறம்தான் பெரிய தலைவலி. மஞ்சள் ஓரளவு நிற்கும். சிவப்பு காயும்போதே கறுக்கும். கல்யாணத்துக்கென்றே தேடிப் பிடிக்கும் வெள்ளை ரோஜா, நறுக்கிவைத்த வாழைக்காய் மாதிரி பழுப்பேறும். காரணமும் ஏறக்குறைய அதே ரசாயனம்தான். ஆகவே சில பட்டறைகளில் இதழுக்கு மேல் லேசாகச் சாயம் பூசுகிறார்கள். பூச மறுத்து, பழுப்பையும் பூவின் குணமாக விட்டுவிடுகிறவர்களும் உண்டு. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி வெளுப்பைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. வெயில் படாமல் பீரோவுக்குள் வைத்தால் நிறம் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். ஆனால் காசு கொடுத்துச் சட்டம் போட்டது சுவரில் மாட்டத்தானே!